புதுவெட்டுத் தண்ணீர்

1982ஆம் ஆண்டு ஆடி பதினெட்டாம் நாள், செக்கானூரணிக்கு மேற்கே நாலு மைலில் உள்ள பொட்டலூரில், இரண்டு பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு கிணற்றில் ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஓடத் தொடங்கியது. கிணற்றின் ஆழம் அப்போது ஐம்பது அடி.

மோட்டாரைப் போட்டவன் உக்கிரபாண்டி. அதற்கு முந்தைய ஒரு வருஷமாக அவன் வாயில் வேறு பேச்சே இல்லை. டீக்கடையில், சந்தையில், எழவு வீட்டில் கொட்டுச் சத்தத்துக்கு நடுவில்கூட, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம், "மோட்டாரு போடணும்னா மொத்தமா எம்புட்டுண்ணே ஆகும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மதுரையில் மோட்டார்க் கடை வைத்திருந்தவர் விலையைச் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த விலையை மனசில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக ஊர் திரும்பியவனை அவனுடைய மச்சினன் மலையாண்டிதான் உட்கார வைத்து விவரம் சொன்னான். மலையாண்டி, உக்கிரபாண்டியின் மனைவி செல்லத்தாயின் தம்பி. அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன்.

"மாமா, கடைக்காரரு சொன்னது தாலிக்குத் தங்கம் வாங்குற காசு. கல்யாணச் செலவு இனிமேத்தான் இருக்கு."

"அதென்னடா மாப்ள செலவு?"

"மேல வச்சு உறிஞ்சுனா தண்ணி ஏறாது. கெணத்துக்குள்ள பாதியில திட்டுக் கட்டி அதுல மோட்டாரை உக்கார வைக்கணும். அதுக்குக் கல்லு, சிமிட்டி, கொத்தனாரு. திட்டுலருந்து அடித்தரை வரைக்கும் ஒரு குழாய், அது முனையில தண்ணி திரும்ப எறங்காம இருக்க புட்வால்வு. மேல வர்றதுக்கு ஒரு குழாய். ஸ்டார்ட்டரு. ஸ்டார்ட்டரு நனையாம இருக்க ஒரு ரூம்பு. ரோட்டுலருந்து தோட்டத்துக்குக் கம்பம் நடணும்..."

"நிப்பாட்டுடா. அனுமாரு வாலு மாதிரி நீட்டிக்கிட்டே போற."

"நானா நீட்டுறேன்? ஒங்க தோட்டந்தான் ரோட்டை விட்டுத் தள்ளிப்போய் உக்காந்துருக்கு."

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த செல்லத்தாய் கரண்டியோடு வெளியே வந்தாள். "கதையெல்லாம் வேணாம். எங்ககிட்ட இருக்குறதுல எது எது போகும்? அதைச் சொல்லு."

மலையாண்டி தலையைச் சொறிந்தான். "மாடு போகும்க்கா. ஒன் காதுல கெடக்குறது போகும். மிச்சத்துக்குத் தோட்டத்து மேல கடன் வாங்கணும்."

"மாடு போனாப் போகட்டும்," என்றான் உக்கிரபாண்டி. "மோட்டாரு வந்தப்புறம் அதுக்கு என்ன வேலை? சும்மா நிக்கிறதுக்கு யாரு தீனி போடுறது?"

செல்லத்தாய்க்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவள் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து தங்கள் முறைநாள்களில் விடியும் முன்னே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கிணற்றில் இறைக்கக் கமலை கட்ட அனுப்பிவிட்டு, பின்னாலேயே மண்வெட்டியோடு போகிறவள். மாடுகள் சரிவில் இறங்கும்போது இரும்புச் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். பின்னோக்கி ஏறும்போது சால் கீழே போகும். உக்கிரபாண்டி வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து இறங்குவான், எழுந்து மாட்டோடு பின்னால் நடப்பான். பொழுது சாயும் வரை அதுதான். அவ்வளவு பாடுபட்டும் தோட்டத்தில் பாதிதான் நனையும். மீதிப் பாதி மழையைப் பார்த்துக் கிடக்கும். மகள் பாண்டியம்மாள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளை மேலே படிக்க வைக்க வேண்டுமானால் அந்த மீதிப் பாதியும் விளைய வேண்டும் என்பது செல்லத்தாயின் எண்ணம்.

கிணற்றின் மற்றொரு பங்கு விருமாண்டியுடையது. உக்கிரபாண்டிக்குப் பெரியப்பா மகன், மூத்தவர். ஒருநாள் இவர்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு என்று முறை. சூரியன் கிளம்பியதிலிருந்து அடைகிற வரைக்கும் கிணறு முறைக்காரனுடையது. எத்தனை சால் இறைக்கலாம் என்று யாரும் பேசி வைத்ததில்லை. ஒரு சோடி மாடு நாளெல்லாம் இறைத்தாலும் கிணறு வற்றாது. இரவில் ஊறி மறுநாளுக்குப் பழையபடி நிற்கும்.

கரண்டு வாங்க மற்றப் பங்காளியும் சம்மதிக்க வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். உக்கிரபாண்டி தயங்கித் தயங்கித்தான் போய்க் கேட்டான். விருமாண்டி பெருவிரலை மையில் அழுத்திக்கொண்டே சிரித்தார்.

"இதுக்கு ஏண்டா இப்படி நிக்கிற, பொண்ணு கேக்க வந்தவன் மாதிரி? நல்லா போடு. நீ முன்னால போட்டுப் பாரு, நல்லாருந்தா அடுத்த வருசம் நானும் போடுறேன்."

மாடுகளை உசிலம்பட்டிச் சந்தையில் விற்றார்கள். ஆடி பதினெட்டில் மோட்டார் ஓடியது. விருமாண்டியின் மனைவி இருளாயிதான் தேங்காய் உடைத்தாள். குழாய் வாயிலிருந்து தண்ணீர் தொடை கனத்துக்கு வந்து விழுந்ததைப் பார்க்க ஊரே கூடி நின்றது. கமலைத் தண்ணீருக்குக் கட்டிய வாய்க்கால் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. கரை ஒரு பக்கம் உடைந்தது, அடைப்பதற்குள் மறுபக்கம் பிய்த்துக்கொண்டது. செல்லத்தாய் முழங்கால் வரை சேற்றில் நின்று மடை மாற்ற ஓடினாள். ஒரு பாத்தி நிறைய ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. அன்று மத்தியானம் எல்லாருக்கும் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள்.

"என்ன செல்லத்தாயி, நாளெல்லாம் செய்யிற வேலை கஞ்சி குடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சே. இனிமே பொழுதுக்கும் என்ன செய்யப் போற?" என்று இருளாயி கேட்டாள்.

"ஒங்க வீட்டுக்கு வந்து ஒங்க கொழுந்தனாரு பெருமையைப் பேசிக்கிட்டுருப்பேன்க்கா."

"வேணாம்டியம்மா. அதை அவரே பேசுவாரு."

மறுநாள் விருமாண்டி கமலை கட்டினார். சால் பாதிதான் நிறைந்து வந்தது. அடுத்த முறையிலும் அப்படித்தான். அதற்குள் உக்கிரபாண்டி மானாவாரியாகக் கிடந்த பாதியையும் உழுது பாத்தி பிடித்து, புரட்டாசியில் மொத்தத் தோட்டத்திலும் மிளகாய் நாற்று நட்டுவிட்டான். நட்டதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். முறைநாளில் மோட்டார் கிணற்றின் அடி வரைக்கும் உறிஞ்சி, கடைசியில் காற்றை இழுத்துக் கரகரக்கும். அதைக் கேட்டபிறகுதான் நிறுத்துவான்.

"கொஞ்சம் விட்டு வைய்யா," என்றாள் செல்லத்தாய். "நாளைக்கு அவுக எறைக்கணும்ல?"

"இன்னைக்கு யாரு முறை?"

"நம்ம முறைதான்."

"அப்புறம்? பொழுது இன்னும் உச்சிக்கே வரலை. நாளெல்லாம் எறைக்கலாம்னுதானே ஏற்பாடு. ராத்திரிக்கு ஊறும்."

ஊறத்தான் செய்தது. ஆனால் முன்னால் கிணறு முழுசாக வற்றியதே இல்லை என்பதால், வற்றினால் ஊற எத்தனை நாளாகும் என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு காலையில் விருமாண்டி சாலைத் தரையில் கவிழ்த்துக் காட்டினார். சேறும் இரண்டு தவளைக் குஞ்சும் விழுந்தன.

"இந்தா பாருடா தம்பி. எனக்கு வச்ச பங்கு."

"நான் என் முறையிலதானண்ணே எறைச்சேன்."

"நான் இல்லைன்னா சொன்னேன்? ஒன் முறையில நீ எறைக்கிற. என் முறையில எதை எறைக்க? மாடு ரெண்டும் வெறுஞ்சாலை இழுத்துக்கிட்டுக் கேனையன் மாதிரி மேலயும் கீழயும் நடக்குதுக."

"மழை பேஞ்சா எல்லாம் சரியாப் போயிரும்ணே."

ஐப்பசியில் மழை இல்லை. வானம் கூடும், கொக்குளம் பக்கம் இடிக்கும், காற்று வந்து கலைத்துவிடும். கார்த்திகையிலும் அப்படியே. அதோடு கரண்டும் குறைந்தது. ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வந்தது. எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. உக்கிரபாண்டியின் முறைநாளில் காலையிலிருந்து ஸ்டார்ட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான், வராது. விருமாண்டியின் முறைநாளில் பொழுது விடியும்போதே வந்து நிற்கும். தொடர்ந்து மூன்று முறை அப்படிப் போனது. மிளகாய்ச் செடிகள் பூத்திருந்தன. இலைகள் மத்தியானத்தில் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்தன. பிறகு சாயங்காலமும் நிமிரவில்லை.

நான்காவது தடவை விருமாண்டியின் நாளில் கரண்டு வந்தபோது உக்கிரபாண்டி பச்சைப் பொத்தானை அழுத்தினான். அவர் மாடுகளைப் பூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கிணற்றில் இருந்ததில் முக்கால்வாசி மிளகாய்க்குள் போயிருந்தது.

விருமாண்டி மாடுகளை அப்படியே விட்டுவிட்டு வாய்க்கால் வழியே நடந்து வந்தார். "யாரு நாளுடா இது?"

"என் நாள்ல கரண்டு வரலைண்ணே. கரண்டுக்கு முறை தெரியுமா? நாளைக்கு நீங்க எறைச்சுக்கங்க. மாத்தி வச்சுக்கிருவோம்."

"கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்குறதுக்குள்ள கரண்டு போயிரும்ணே..."

"என் கத்தரி வேரோட காஞ்சு கெடக்கு. ஒங்கப்பனும் எங்கப்பனும் இந்தக் கெணத்துல ஒருத்தன் நாளை ஒருத்தன் தொட்டதில்லைடா. கைநாட்டு வச்ச வெரலை வெட்டிக்கிறணும் நான்."

செல்லத்தாய் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். "மச்சான், தப்புத்தான். இந்த வாரம் முழுக்க நீங்களே எறைச்சுக்கங்க."

"எதைத்தா எறைக்க? எட்டிப் பாரு, என்னத்தா கெடக்கு உள்ள?"

மார்கழியில் விருமாண்டி கிணற்றை வெட்டப் போவதாகச் சொல்லி அனுப்பினார். அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆழப்படுத்தினால் செலவு பங்குக்குத் தக்கபடி. பாறைக்கு வேட்டுப் போடுகிறவர்களின் கூலியில் பாதி, உடைத்த கல்லை மேலே இழுக்க ஆளுக்கு ஒரு சோடி மாடு. சேராதவனுக்குப் பழைய ஆழத்தில் நிற்கிற தண்ணீரில் மட்டும் பாத்தியம். அதற்குக் கீழே கிடைப்பது புதுவெட்டுத் தண்ணீர், வெட்டினவனுக்குச் சொந்தம். பழைய தரை இருந்த மட்டத்தில் பாறையில் உளியால் ஒரு கோடு கொத்தி வைப்பார்கள்.

உக்கிரபாண்டி கடன் கேட்டுப் போகாத இடமில்லை. தோட்டம் ஏற்கெனவே மோட்டார்க் கடனில் இருந்தது. மாடும் இல்லை. மலையாண்டி பட்டறையில் முன்பணம் வாங்கிக் கொண்டுவந்தது வேட்டு மருந்துக்குக்கூடக் காணாது.

"ஊரு பூரா கேட்டேன்டா மாப்ள," என்றான் உக்கிரபாண்டி. "ஒரு வருசமாக் கேட்டேன். மோட்டாரு போட எம்புட்டு ஆகும்னு. ஒருத்தனும் கெணறு வெட்டணும்னு சொல்லலையே."

மலையாண்டி பீடியைப் பற்றவைத்தான். அவனுக்கும் அது தோன்றியிருக்கவில்லை. பட்டறையில் அவன் பார்த்ததெல்லாம் மோட்டார்தான்.

வெட்டு தொடங்கியது. அடியில் கிடந்த கொஞ்சத் தண்ணீரை இறைத்தால்தான் குழி போட முடியும். விருமாண்டி ஆள் அனுப்பி மோட்டாரைப் போடச் சொன்னார். வெட்டு, குழாய் முனைக்குக் கீழே இறங்கும் வரை உக்கிரபாண்டி கரண்டு வந்தபோதெல்லாம் போட்டான். செல்லத்தாய் மறுநாளே சும்மாடு கட்டிக்கொண்டு கிணற்றுமேட்டுக்குப் போனாள். வடத்தில் ஏறிவந்த கல்லைக் கூடையில் வாங்கித் தள்ளிக் கொட்டுகிற வேலை. கூலிக்கு வந்திருந்த பெண்களோடு வரிசையில் நின்றாள். ஒவ்வொரு வேட்டுக்கும் எல்லாரும் புளியமரத்துக்குப் பின்னால் ஓடுவார்கள். புகை அடங்கியதும் திரும்பி வருவார்கள். அவள் தலை நடுவில் முடி தேய்ந்து புண்ணானது.

இருளாயி ஒருநாள் கஞ்சி ஊற்றும்போது கேட்டாள்: "ஏண்டி, நீ ஏன் வந்து செமக்குற? பாக்க நல்லாவா இருக்கு?"

"எங்க பங்குக்குச் செமக்குறேன்க்கா. காசு இல்லை, மாடு இல்லை. ஒடம்பு இருக்கு."

இருளாயி கஞ்சியை நிறைத்தே ஊற்றினாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் வடக்கு மூலையில் ஊற்றுக்கண் திறந்தது. பன்னிரண்டு அடி கூடுதலாக வெட்டியிருந்தார்கள். ஒரே இரவில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறி, பழைய தரைக்கு ஆறேழு அடி கீழே நின்றது. உக்கிரபாண்டியின் குழாய், புட்வால்வோடு பாறைச் சுவரை ஒட்டி அந்தரத்தில் தொங்கியது. மலையாண்டி வந்து பார்த்துவிட்டு, திட்டை இறக்கிக் கட்டி, குழாயில் இரண்டு துண்டு சேர்த்தால் போதும் என்றான்.

விருமாண்டி வேண்டாம் என்றார். விஷயம் ஊர்ப் பெரியவர் மொக்கைச்சாமியிடம் போனது. கிணற்றுமேட்டிலேயே உட்கார்ந்து பேசினார்கள்.

"மொக்கைச்சாமிண்ணே, என் மோட்டாரு போட்டுத்தானே அடித்தண்ணியை எறைச்சாங்க. என் பொண்டாட்டி தெனம் செமந்தா. அதைப் பங்குல சேக்கக் கூடாதா?" என்றான் உக்கிரபாண்டி.

மொக்கைச்சாமி விருமாண்டியைப் பார்த்தார். விருமாண்டி மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து எதிரில் வைத்தார்.

"மோட்டாருக்கு வாடகை. அவ செமந்ததுக்குக் கூலி. மத்த பொம்பளைகளுக்குக் குடுத்ததைவிடக் கூடத்தான் வச்சுருக்கேன்."

"கூலிக்கு வரலை மச்சான்," என்றாள் செல்லத்தாய். ஆண்கள் பேசுகிற இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். "கூலின்னு யாரு கேட்டா? காசை எடுத்துக்கிட்டு எங்களுக்குத் தண்ணியில பாத்தியம் குடுங்க."

"அப்படி ஒரு கணக்கு இல்லையேத்தா," என்றார் மொக்கைச்சாமி. அவர் குரலில் கடுமை இல்லை. "பங்குன்னா கூலியில பாதி, மாடு ஒரு சோடி. செமக்குறது கூலிக் கணக்கு. இன்னைக்கு ஒனக்குச் சேத்தா, கூட நின்னு செமந்தவளும் எனக்கும் பாத்தியம்னு வருவா. அப்புறம் எந்தக் கெணத்துலயும் வெட்டு நடக்காது."

"கூடச் செமந்தவளுக்கு இந்தக் கெணத்துல பாதி இருக்கா? எனக்கு இருக்கே."

"பழைய தரை வரைக்கும் இருக்கு. அதை யாரும் இல்லைன்னு சொல்லலை."

விருமாண்டி முதல் தடவையாக அவளை நேரே பார்த்துப் பேசினார். "நீ செமந்ததைப் பாத்தேன்த்தா. பாக்கவே எனக்கு மனசு கேக்கலை. ஆனா யோசிச்சுப் பாரு. அவன் குழாயைக் கீழ இறக்குனா இந்தத் தண்ணியையும் ஒரு மணி நேரத்துல குடிச்சுரும் அந்த மிசினு. மறுநா நான் வெறுஞ்சால் இழுக்கணும். திரும்ப வெட்டணும். எம்புட்டுத்தான் வெட்ட? வெட்டுக் கூலியில பாதியை எண்ணி வையிங்க, ஒரு சோடி மாட்டுக்குக் காசு வையிங்க. அன்னைக்கே இறக்கிக்கங்க. மறிக்க மாட்டேன்."

"செடி அது வரைக்கும் நிக்காது மச்சான்."

"என் கத்தரியும் நிக்கலைத்தா."

மொக்கைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அன்று சாயங்காலமே கல்லுடைக்கிற கருப்பு என்பவன் கிணற்றுக்குள் இறங்கிப் பழைய தரை மட்டத்தில் கோடு கொத்தினான். உளிச் சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது.

குடிக்கிற தண்ணீருக்கு முறையும் பாத்தியமும் கிடையாது. யாரும் மொண்டுகொள்ளலாம். செல்லத்தாய் மறுநாள் காலையில் குடத்தோடு போனாள். இரண்டாவது குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மிளகாய்ச் செடிகளின் வேரில் ஊற்றினாள். பிறகு மூன்றாவது. பாண்டியம்மாளும் பள்ளிக்கூடம் போகாமல் சேர்ந்துகொண்டாள். ஒரு வரிசை முடிவதற்குள் வெயில் ஏறி, முதலில் ஊற்றிய செடியின் அடி வறண்டு வெளுத்திருந்தது. இருளாயி வரப்பில் வந்து நின்றாள்.

"செல்லத்தாயி, இது குடிக்கிற தண்ணி இல்லைடி."

"தெரியும்க்கா."

"அவரு என்னைப் போயிச் சொல்லச் சொன்னாரு. அவரு வந்தா வார்த்தை வளந்துரும்னு. நீ குடிக்கத் தூக்கு, குளிக்கத் தூக்கு. ஒன்னும் சொல்ல மாட்டோம்."

செல்லத்தாய் குடத்தில் மிச்சமிருந்ததைச் செடிக்கு ஊற்றாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, இம்புட்டுத் தோட்டத்துக்கு நான் கொடத்துல ஊத்தி முடியாதுன்னு எனக்குந் தெரியும். ஊத்தாம உக்கார முடியலை."

"முடியாதுதாண்டி," என்றாள் இருளாயி. இருவரும் தண்ணீர்க் குடத்தோடு வீட்டுப் பக்கம் நடந்தார்கள். பாண்டியம்மாள் பின்னால் வந்தாள்.

உக்கிரபாண்டி மழையை எதிர்பார்த்து மாசி வரைக்கும் மோட்டாரைக் கழற்றவில்லை. கரண்டு வருகிறபோது திட்டுக்கு இறங்கிப் போய் எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு ஏறி வருவான். மிளகாய்ச் செடிகள் பிஞ்சோடு காய்ந்தன. ஆடு மேய்க்கிறவர்கள் ஒரு காலையில் கேட்டுவிட்டே ஆடுகளை உள்ளே விட்டார்கள்.

மோட்டார்க் கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. பங்குனியில் தோட்டத்தையும் கிணற்றுப் பாதியையும் விருமாண்டிக்கே விற்றார்கள். வேறு யாரும் அந்தக் கிணற்றில் பழைய தரை வரைக்குமான பங்கை வாங்க முன்வரவில்லை. கடனை அடைத்தபிறகு கையில் நின்றது அவனியாபுரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போதுமானதாக இருந்தது. உக்கிரபாண்டி மலையாண்டி வேலை செய்த பட்டறையில் பழைய இரும்பு பிரித்துப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தான். செல்லத்தாய் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். பாண்டியம்மாளை அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை.